சுங்கை சிப்புட் சனிக்கிழமை வகுப்பு: சொல்லிக்கொடுக்க வரும் கல்லூரி மாணவருக்கு என்ன கிடைக்கிறது?

கோயிலுக்குப் பக்கத்துப் பழைய பாலர் பள்ளிக் கட்டடம், சனிக்கிழமை காலை 9 முதல் 12.30 வரை. இவ்வளவு சொன்னாலே பேராக் மாநிலச் சுங்கை சிப்புட்டில் யாரும் வழிகாட்டிவிடுவார்கள். இடைநிலைப்பள்ளியில் படிவம் 1 முதல் 3 வரையுள்ள நாற்பது பிள்ளைகளுக்கு மலாய்மொழியும் கணிதமும். மாதக் கட்டணம் 10 ரிங்கிட். பிள்ளைகளுக்கு இது உதவுகிறதா என்பதைப் பெற்றோர்கள் கடைவீதியிலேயே பேசித் தீர்த்துவிட்டார்கள், உதவுகிறது. இங்கே எடை போடுவது வேறு ஒன்றை. சொல்லிக்கொடுக்க வருகிறவர்கள், அதாவது வழிகாட்டிகள், எட்டுப் பேர். சிலர் ஈப்போவிலும் கம்பாரிலும் படிப்பவர்கள், சிலர் வார இறுதிக்கு வீடு திரும்பும் உள்ளூர்ப் பிள்ளைகள். பொறுப்பெடுத்து நடத்தத் தெரிந்தவர்களாக அவர்களை இந்த வகுப்பு ஆக்குகிறதா?

ஆக்குகிறது, ஆனால் ஒரு பருவம் முழுவதும் இருப்பவர்களை மட்டும். மூன்று வாரம் வந்து, படம் எடுத்து, சான்றிதழோடு போக நினைப்பவருக்கு இந்த இடம் சரிப்படாது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊருக்கு ஊர் தன்முனைப்பு (மோட்டிவேஷன்) முகாம்கள் இருக்கவே இருக்கின்றன.

முகாமை இங்கே பேச்சுக்கு இழுப்பதற்குக் காரணம் உண்டு. கல்லூரி இந்தியர் சங்கங்கள் 'சமூகப் பணி' என்றதும் முதலில் கையெடுப்பது அதைத்தான்: ஒரு நாள் அல்லது இரண்டு நாள், ஒரே நிறச் சட்டை, பெரிய பதாகை, மேடையில் ஒரு பேச்சாளர், கடைசியில் பிள்ளைகள் அழும் ஒரு அங்கம். அறுபது பேருக்குச் சட்டை 20 ரிங்கிட் என்றாலே 1,200 போய்விடும். பேருந்தும் சாப்பாடும் தனி. அந்த 1,200 இந்த வகுப்புக்கு வந்தால் பள்ளி ஆண்டு முழுவதற்குமான நகல் செலவு போக மிச்சம் இருக்கும். ஏற்பாட்டுக்குழுத் தலைவர் முகாமில் நிகழ்ச்சி நடத்தக் கற்றுக்கொள்கிறார். அது ஒரு திறமைதான், குறை சொல்லவில்லை. ஆனால் முகாம் முடிந்த திங்கட்கிழமை எந்தப் பிள்ளையும் அவருக்காகக் காத்திருப்பதில்லை. இங்கே அடுத்த சனிக்கிழமை ஐந்து பேர் காத்திருப்பார்கள். வித்தியாசம் முழுவதும் அதில்தான்.

சேர்ந்தவுடன் யாருக்கும் கரும்பலகை கிடைக்காது. முதல் மூன்று வாரம் சாவி, வருகைப் புத்தகம், பத்தரை மணி மைலோ. எட்டரைக்கு வந்து கதவு திறந்து மின்விசிறி போட வேண்டும். இதை ஏவல் வேலையாக நினைத்து முகம் சுளிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள், அதுவும் நல்லதற்கே. வருகைப் புத்தகத்தைக் கவனமாக வைத்திருப்பவருக்கு மூன்றே வாரத்தில் ஒன்று தெரிந்துவிடும்: வராத பிள்ளைகள் எப்போதும் அதே பிள்ளைகள்.

அடுத்தது வீடு பார்க்கப் போவது. எங்கள் மதிப்பீட்டில் இந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த பகுதி இது. வகுப்பை நடத்தும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியையை ஊரே 'டீச்சர்' என்கிறது. அவரோ பழைய வழிகாட்டி ஒருவரோ உடன் வருவார். எப்போதும் இரண்டு பேர், ஞாயிறு மாலை ஐந்துக்கும் ஆறரைக்கும் இடையில். கையில் நிரப்பும் படிவம் எதுவும் கொண்டுபோகக் கூடாது; பேனா எடுத்தால் வீடு விறைத்துப்போகும். தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கிறது, அப்போது கூட யார், எங்கே உட்கார்ந்து எழுதுகிறது, வீட்டில் இருக்கும் கைப்பேசி யாருடையது. சம்பளம் கேட்கவே கூடாது. குடிக்கத் தண்ணி கொடுத்தால் மறுக்காமல் குடிக்க வேண்டும். வெளியே வந்து மோட்டாரில் ஏறும் முன் கேட்டதை எழுதிவிட வேண்டும். இரவுக்குத் தள்ளினால் பாதி மறந்து, மீதி கற்பனையாகிவிடும்.

இந்த ஊரில் 'தோட்டத்துப் பிள்ளை' என்ற சொல்லை வைத்துக்கொண்டு கிளம்பும் நகரத்து மாணவர் தடுக்கி விழுவதும் இங்கேதான். ரப்பர் போய்ச் செம்பனை வந்து வெகுகாலம். எல்பில், டவன்பி, ஹீவுட், கமுனிங் என்று தோட்டப் பெயர்கள் இன்னும் நாக்கில் இருக்கின்றன, ஆனால் குடும்பங்களில் பல தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்துவிட்டன. அப்பா லாரி ஓட்டுவார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட். சனிக்கிழமை பிள்ளை வராததற்குச் சோம்பல் காரணமாக இருப்பது அபூர்வம். அம்மாவுக்கு அன்று ஓவர்டைம், வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வழிகாட்டிகள் இதைக் கண்டுவந்து கூட்டத்தில் வைத்ததால்தான் 'தம்பி தங்கையையும் அழைத்து வரலாம்' என்ற விதி வந்தது. பின்வரிசையில் ஒரு பாய், வண்ணப் பென்சில், ஒரு வழிகாட்டி முறைவைத்துக் கவனிப்பார். சத்தம் கொஞ்சம் கூடியது, வருகையும் கூடியது. ஒரு விதியை மாற்றும் அளவுக்கு விவரம் சேகரித்து, பெரியவர்கள் முன் சொல்லி, மாற்றியபின் வரும் தொல்லையையும் தானே சுமப்பது எந்தத் தலைமைத்துவப் பட்டறையிலும் கிடைக்காத பயிற்சி.

நான்காம் வாரத்திலிருந்து ஒருவருக்கு ஐந்து பிள்ளைகள். இந்த எண்ணிக்கையில் டீச்சர் விட்டுக்கொடுப்பதில்லை, சரியான பிடிவாதம். எட்டுப் பேரானால் கல்லூரி மாணவர் தன்னையறியாமல் விரிவுரை நடத்தத் தொடங்கிவிடுவார். ஐந்து பேரில் ஒருவர் விழிப்பது கண்ணில் படும்.

முதல் வேலை வாசிப்புச் சோதனை. படிவம் 1 மலாய்ப் பாடநூலிலிருந்து அறுபது சொல் பத்தி ஒன்றைத் தனியாக வாசிக்க வைப்பது. ஆறு சொல்லுக்கு மேல் தடுக்கினால், அதாவது பத்துக்கு ஒன்றைத் தாண்டினால், அந்தப் பாடம் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்கு உதவாது. தொடக்கப்பள்ளி நான்காம் ஆண்டுப் பனுவலுக்கு இறங்க வேண்டும். புதியவர்கள் செய்யும் வழக்கமான பிழை, ஐந்து பேருக்கும் ஒரே தாளை நகலெடுத்துக் கொடுப்பது. தாள் நிரம்பும், விடைகூடச் சரியாக இருக்கும், ஏனென்றால் நால்வர் ஒருவரைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்த பிள்ளைகள் மலாயில் சறுக்கும் இடம் பெரும்பாலும் முன்னொட்டுதான். தூலிஸ் 'மெனூலிஸ்' ஆகிறது, போத்தோங் 'மெமோத்தோங்' ஆகிறது. வேர்ச்சொல்லின் முதல் ஒலி கரைந்துவிடுகிறது. பிள்ளை அகராதியில் 'மெ' வரிசையில் தேடி, கிடைக்காமல் மூடிவைக்கும். இப்படிக் கரையும் நான்கு ஒலிகளையும் ஒரு அட்டையில் எழுதி, வாரம் பத்துச் சொல்லை உரித்துக் காட்டச் சொன்னால் எட்டு வாரத்தில் வாசிப்பில் மாற்றம் தெரிகிறது. கணிதத்தில் படிவம் 1இன் முதல் அத்தியாயத்திலேயே எதிர்ம எண்கள் வந்துவிடும். கழித்தல் குறிக்குள் இன்னொரு கழித்தல் வந்தால் கை நின்றுவிடும். கடன், கடன் தள்ளுபடி என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். வாக்கியக் கணக்கில் தவறினால் மட்டும் அது கணிதக் குறையா மலாய்க் குறையா என்று பார்த்துவிட்டுத்தான் திருத்த வேண்டும்.

மலாய்மீதான இந்த அக்கறைக்குப் பின்னணி தெரியாமல் வருகிறவர்கள் உண்டு. மலாய்மொழியில் தேவையான அளவை எட்டாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை படிவம் 1க்கு முன் ஒரு வருடம் புகுமுக வகுப்பில் உட்கார வேண்டிவரும். 2013 முதல் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் சான்றிதழ். வரலாற்றுத் தாளும் மலாயில்தான். ஆறாம் ஆண்டின் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் படிவம் 3இன் பி.டி.3 தேர்வு அதற்கடுத்த ஆண்டிலும் நீக்கப்பட்டபின், பிள்ளை எங்கே நிற்கிறது என்று வீட்டுக்குத் தெரியவரும்போது படிவம் 4 ஆகிவிடுகிறது. வழிகாட்டி தன் ஐந்து பிள்ளைகளின் பெற்றோருக்கு இதைப் பயமுறுத்தாமல் எடுத்துச்சொல்ல வேண்டும். பருவத்தின் நடுவில் ஒரு பெற்றோர் சந்திப்பை அவரே நடத்துவதும் விதி. இருபது நிமிடம், தமிழில், புள்ளிப்பட்டியல் இல்லாமல், பிள்ளையின் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து. மேடைப் பேச்சில் பரிசு வாங்கியவர்களுக்கே இந்த இருபது நிமிடத்தில் வியர்த்துவிடுகிறது.

பணம் கையாள்வதும் பாடத்தில் சேர்த்திதான். மாதம் 10 ரிங்கிட்டை எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி உறையில் போட்டுக் கொடுக்கும். உறைக்குள் என்ன இருக்கிறது, இருக்கிறதா என்பது பிள்ளைகளுக்குள் தெரியாது. பொருளாளர் மாணவரும் இன்னொருவரும் சேர்ந்துதான் திறக்கலாம். வகுப்புக்குத் தனிப் பதிவு இல்லை, கோயில் நிர்வாகத்தின் கீழ் நடக்கிறது. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம், பதிவு வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு புத்திசாலித்தனமானது. ஆனால் காசோலைக்கு இரண்டு கையெழுத்து, இரண்டு வாரத் தாமதம். ஆகவே 150 ரிங்கிட் கைச்செலவுக்கு எப்போதும் டப்பாவில் இருக்கும். கணக்கு குழம்புவது எல்லாம் ஒரே வழியில்தான்: அவசரத்துக்கு ஒரு மாணவர் தன் பணத்தில் நகலெடுப்பார், ரசீதைச் சட்டைப் பையோடு துவைத்துவிடுவார், மூன்று வாரம் கழித்து 'பதினெட்டோ இருபத்தெட்டோ' என்பார். அன்றைக்கே படமெடுத்து வாட்சாப் குழுவில் போடாத ரசீதுக்குப் பணம் இல்லை என்ற விதி கடுமையாகத் தெரியும். தளர்த்தச் சொல்லிக் கேட்பவர்கள் ஒரு பருவம் பொருளாளராக இருந்துவிட்டுக் கேட்கலாம். சிறு பணத்தைச் சேர்த்து ஒன்றை நடத்துவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஊர்க்காரர்.

இனி குறைகள்.

பெரிய குறை, யாரும் டீச்சரை மறுத்துப் பேசுவதில்லை. மாதம் ஒருமுறை நாற்பது நிமிடக் கூட்டம் உண்டு. டீச்சர் கடைசியில்தான் பேசுவார் என்று அவரே விதி வைத்திருக்கிறார். பயன் குறைவு. எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்கள், அவர் புருவம் சுருங்கினால் வாக்கியம் பாதியில் திசைமாறுகிறது. உயர்கல்வியில் தலைமைத்துவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் எடுத்தாளும் சமூக மாற்ற மாதிரி 1996இல் அமெரிக்காவில் வெளிவந்தது. தன்னை அறிதல், சொல்லும் செயலும் ஒத்திருத்தல், ஈடுபாடு, கூட்டாக உழைத்தல், பொது நோக்கம், கண்ணியமான கருத்து மோதல், குடிமைப் பொறுப்பு என்று அது அடுக்கும் ஏழில் ஆறு இந்தக் கட்டடத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆறாவதாக வருகிற கருத்து மோதல் மட்டும் கிடைப்பதில்லை. பெரியவர்கள் முன் மறுத்துப் பேசினால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்த பிள்ளைகளிடம் 'தயங்காமல் பேசுங்கள்' என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. நடைமுறையில் வேலை செய்யக்கூடிய வழி: கூட்டத்துக்கு முதல்நாளே ஒவ்வொருவரும் 'மாற்ற வேண்டியது ஒன்று, காரணம் ஒன்று' என்று சீட்டில் பெயரில்லாமல் எழுதிப் போடுவது, கூட்டத்தை நடத்துபவர் வரிசையாக வாசிப்பது, டீச்சர் அந்த அரைமணி வெளியே மைலோ கலக்குவது. அவர் ஒப்புக்கொள்வார் என்றே தோன்றுகிறது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இரண்டாவது, திரும்பிப் பார்த்து எழுதும் குறிப்பேடு. வாரம் அரைப்பக்கம். நோக்கம் நல்லது, ஆனால் வரும் எழுத்து 'இன்றைய அனுபவம் என்னை நெகிழ வைத்தது' என்ற வகையில் தேங்கிவிட்டது. மூன்று கேள்வியாகக் கட்டிப்போட்டால் மாறும்: எந்தப் பிள்ளை, எந்தக் கணம், என்ன நடந்தது; நான் எதை எதிர்பார்த்தேன், ஏன் அது நடக்கவில்லை; அடுத்த வாரம் எதை வேறுமாதிரி செய்யப்போகிறேன். மூன்றாவது கேள்விக்கு எழுதியதை அடுத்த சனிக்கிழமை யாராவது கேட்க வேண்டும். இப்போது யாரும் கேட்பதில்லை, குறிப்பேடுகள் அலமாரியில் அடுக்கியிருக்கின்றன.

மூன்றாவது, கைமாற்றம். பள்ளி ஆண்டும் பல்கலைக்கழகப் பருவமும் ஒத்துப்போவதில்லை. பதினான்கு வார விரிவுரை முடிந்ததும் மாணவர் போய்விடுவார், பிள்ளையோ ஆண்டின் நடுவில் நிற்கும். இதற்காகவே ஒரு கோப்பு வைத்திருக்கிறார்கள், அருமையான கோப்பு. பிள்ளைக்கு ஒரு பக்கம்: தொடங்கியபோது எந்தப் பனுவல், இப்போது எது, எந்த முறை பிடித்தது, வீட்டில் எதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது, எந்த எண்ணுக்கு அழைத்தால் எடுப்பார்கள். பழையவரும் புதியவரும் இரண்டு வாரம் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது திட்டம். அந்த இரண்டு வாரமும் 13, 14 என்று வைத்திருப்பதுதான் கோளாறு; அப்போது கல்லூரியில் ஒப்படைப்பு எல்லாம் குவிந்திருக்கும். சேர்ந்து உட்காருவது நடப்பதில்லை, கோப்பு மட்டும் கைமாறுகிறது, புதியவர் அதை வாசிக்க நான்கு வாரம் எடுத்துக்கொள்கிறார். அதை 9, 10ஆம் வாரங்களுக்கு மாற்றினால் போதும்.

பிள்ளைப் பாதுகாப்பு விதிகளில் குறை சொல்ல இடமில்லை. கதவு எப்போதும் திறந்திருக்கும், பிள்ளையோடு யாரும் தனியாக இருக்கக் கூடாது, மோட்டாரில் ஏற்றிப்போகக் கூடாது, தனிச்செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் கையெழுத்து இல்லாமல் முகம் தெரியும் படம் எடுக்கக் கூடாது. பிள்ளை ஏதாவது சொன்னால் 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமலிருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உதவி கேட்டு அழைக்கும் தாலியான் காசே எண் 15999 கதவுக்குப் பின்னால் பெரிதாக ஒட்டியிருக்கிறது.

கல்லூரிப் பாடத்துக்கு இதைக் கணக்கில் காட்ட முடியுமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். சேவைவழிக் கற்றலுக்கான சூலாம் திட்டம் 2019இல் வந்தபின் பொதுப் பல்கலைக்கழகங்களில் வாசல் திறந்திருக்கிறது. தனியார் கல்லூரிகளில் பொதுப்பாடத்தின் நான்காம் பிரிவில் சமூகச் சேவைக்கு இடமுண்டு. இரண்டும் முன்கூட்டியே விரிவுரையாளர் ஒப்புதல் இருந்தால்தான். முடித்துவிட்டுக் கடிதம் கேட்டால் நடக்காது. ஒரு கிரெடிட் என்றால் 40 மணி நேரக் கற்றல் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு தாளில் காட்டுங்கள்: வகுப்பு வாரம் 3.5 மணி, பதினான்கு வாரத்துக்கு 49. தயாரிப்பு வாரம் ஒன்றரை, ஆக 21. வீடு பார்ப்பதும் பெற்றோர் சந்திப்பும் அறிக்கையும் 10. மொத்தம் 80, இரண்டு கிரெடிட்டுக்குச் சரி. சூலாமுக்குப் போகிறவர்கள் தங்கள் துறைப் பாடத்தோடு தொடர்பு காட்டியாக வேண்டும். கணக்கியல் மாணவர் உறைக்கணக்கைக் காட்டலாம், கல்வியியல் மாணவர் வாசிப்புச் சோதனையைக் காட்டலாம். பொறியியல் மாணவர் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

போக்குவரத்து: ஈப்போவிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்தான், ஆனால் காலை எட்டரைக்கு இங்கே இருக்கப் பேருந்தை நம்பாதீர்கள். நான்கு பேர் சேர்ந்து ஒரு காடியில் வருவதே வழி, எண்ணெய்க் காசு வகுப்பு தருவதில்லை. கம்பாரிலிருந்து வருகிறவர் செலவை யோசித்துவிட்டுச் சேரட்டும். சாப்பாடு, பெற்றோர் முறைவைத்துக் கொண்டுவரும் நாசி லெமாக் அல்லது மீகூன், நன்றாகவே இருக்கும். பள்ளி மாற்று வகுப்பு வைக்கும் சனிக்கிழமைகளிலும் தைப்பூசம், தீபாவளி ஒட்டிய வாரங்களிலும் பாதிப் பிள்ளைகள் வராது, அன்றைக்குப் புதுப்பாடம் எடுக்க வேண்டாம்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்று கூட்டத்துக்கும் கைமாற்றத்துக்குமாகக் குறைத்தது. சேர விரும்புகிறவர்கள் பருவம் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன், ஏதாவது ஒரு சனிக்கிழமை பன்னிரண்டரைக்கு நேரில் போய் டீச்சரைப் பாருங்கள். வாட்சாப்பில் கேட்டால் 'வாங்க' என்று மட்டும் பதில் வரும். உங்கள் கால அட்டவணையைக் கையோடு கொண்டுபோங்கள். பதினான்கில் எத்தனை சனிக்கிழமை வரமுடியாது என்பதுதான் அவர் கேட்கும் முதல் கேள்வி. இரண்டுக்கு மேல் சொன்னால் அடுத்த பருவம் வரச் சொல்லிவிடுவார்.